பைப்பில் எழுதிய மெய் அட்டவணை

நாலு இன்ச் பிவிசி பைப்பை ஹாக்ஸா பிளேடால் அறுத்துக்கொண்டேதான் அப்பா அந்த வாக்கியத்தைச் சொன்னார். பைப் பாதி அறுபட்டிருந்தது. வெள்ளைத் தூள் அவர் முழங்கையிலும் லுங்கியிலும் ஒட்டியிருந்தது. கடை முழுக்க பைப் ஒட்டுகிற பசையின் வாசனை. வெளியாட்களுக்குத் தலை சுற்றும். எனக்கு அதுதான் அப்பாவின் வாசனை.

"தோ பாரு பாப்பா. இந்த வாட்டி நீ பாஸ் பண்லைன்னா, கடையில வந்து குந்திக்கணும். ஆமா, சொல்லிட்டேன்."

பைப் வாங்க வந்திருந்த பிளம்பர் ஏழுமலை அண்ணன் ஒரு வால்வைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கேட்டுக்கினியாம்மா? அண்ணன் சொன்னா சொன்னதுதான்."

நான் "சரி" என்றேன். கோபத்தில் வந்த சரி. இந்த முறை பாஸ் பண்ணிக் காட்டுகிறேன், அப்புறம் இந்தக் கடைப் பக்கம் தலை வைத்துப் படுக்கிறேனா பார் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஒரு வாக்கியத்தை அங்கேயே நின்று ஒழுங்காகப் படித்திருந்தால் பின்னால் அவ்வளவு அழுதிருக்க வேண்டாம். ஆனால் இப்படிப்பட்ட வாக்கியங்களைப் படிக்கத் தெரியாமல்தான் நான் அதற்குள் மூன்று முறை ஃபெயில் ஆகியிருந்தேன்.

ஒரே ஒரு பேப்பர்

எங்கள் கடை இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் இருக்கிறது. தாத்தா காலத்து நிலமெல்லாம் பிளாட்டாகப் போன பிறகு, மிச்சமிருந்த ஒரு முனையில் அப்பா பைப் கடை போட்டார். பிளாட் போட்டவன் வீடு கட்டுவான், வீடு கட்டினால் பைப் கேட்பான் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு தப்பவில்லை.

நான் ஒரே பெண். அப்பாவுக்கு முட்டி தேய்ந்து, ஏணி வைத்து மேல் ரேக்குக்கு ஏற முடியாமல் ஆகி ஒரு வருடம் இருக்கும். யாராவது டேப்பையோ வால்வையோ கேட்டால், மேலே பார்ப்பார், தன் காலைப் பார்ப்பார், "நாளைக்கு வா" என்பார். அதனால் அவர் என்னைக் கடைக்குக் கூப்பிட்டது கொடுமை என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குத்தான் அங்கே உட்காரப் பிடிக்கவில்லை.

குரோம்பேட்டை தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தேன். எல்லாப் பேப்பரும் முடிந்தது. ஒன்றே ஒன்று அரியராக நின்றது. டிஸ்கிரீட் மேத்ஸ், தமிழில் தனிநிலைக் கணிதம். சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனி என்னை டெஸ்டிங் வேலைக்கு எடுத்திருந்தது. இந்தத் தேர்வின் ரிசல்ட் வரைதான் காத்திருப்போம், அரியர் முடிந்தால்தான் சேர முடியும் என்று அவர்கள் மெயில் அனுப்பியிருந்தார்கள். அதற்கு மேல் அவர்களிடம் கெஞ்சிக் கேட்கவும் வழியில்லை.

கஷ்டமான பாடங்கள் எல்லாம் அந்தப் பேப்பரின் பின்பக்கம் இருக்கும். நான் விழுந்தது முதல் யூனிட்டில். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மார்க் அள்ளுகிற யூனிட் அது. எனக்கு அந்த வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

முதல் யூனிட் என்னவென்று சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். மெய் அல்லது பொய் என்று சொல்லக்கூடிய வாக்கியத்துக்குக் கூற்று என்று பெயர். "கடை திறந்திருக்கிறது" ஒரு கூற்று. "கடையைத் திற" கூற்று அல்ல, அது வேலை. "எப்ப சார் திறப்பீங்க?" கூற்று அல்ல, அது தொந்தரவு.

இரண்டு கூற்றுகளைச் சேர்க்கக் குறிகள் உண்டு. இரண்டும் மெய் என்று சொல்ல, கூரை மாதிரி ஒரு குறி. இது நடந்தால் அது நடக்கும் என்று சொல்ல, ஓர் அம்புக்குறி. பிறகு எது எது மெய்யானால், எது எது பொய்யானால் மொத்த வாக்கியம் என்ன ஆகும் என்று கட்டம் போட்டு நிரப்ப வேண்டும். அதுதான் ட்ரூத் டேபிள். எங்கள் ஸ்கூல் புத்தகத்தில் மெய் அட்டவணை. மெய்க்கு டி, பொய்க்கு எஃப். எங்கள் கடையில் டீ என்றால் மூன்று பக்கம் பிரிகிற ஒரு பைப் துண்டு. முதல் வருடம் அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முக்கால் இன்ச்சா, ஒரு இன்ச்சா என்றுதான் கேட்கத் தோன்றும்.

பென்சிலில் எழுதியது

செலின் என்னோடு படித்தவள். வீடு செம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்தில். அவள் இந்தப் பேப்பரை முதல் தடவையே முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவள் வந்ததும் நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதில் திராட்சைக் குலை படம். வெயிலில் முழங்கை ஒட்டிக்கொள்ளும். ஜன்னல் வழியாக ஏரியின் பாசி வாசனை வரும்.

முதல் ஞாயிறு அவள் என்னைச் சும்மா ஒரு கணக்குப் போடச் சொன்னாள். "கடை திறந்திருக்கிறது, ஆனால் லைட் எரியவில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லி, குறியில் எழுதச் சொன்னாள். நான் அம்புக்குறி போட்டேன்.

"என்னடி இது?"

"ஏன், கரெக்ட்தானே?"

"but-க்கு ஏன்டி அம்பு போட்ட?"

"but-ன்னா ஆனால். ஆனால்-னா அம்பு."

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் என் நோட்டைப் பிடுங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். ஐந்தாம் பக்கத்தில் நின்றாள்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம் வகுப்பில் என்ன நடக்கிறதென்றே புரியாது. வீட்டுக்கு வந்து, எழுதிக்கொண்டு வந்த ஆங்கில வார்த்தைகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் தமிழ் எழுதிக்கொள்வேன். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ரொம்பச் சின்னதாக எழுதுவேன்.

அந்த ஐந்தாம் பக்கத்தில் நான் எழுதியிருந்தது: and, மற்றும். or, அல்லது. not, இல்லை. if, 'ஆனால்', உதாரணம் 'மழை பெய்யுமானால்'. அதற்கு நேர் கீழே but, 'ஆனால்'.

இரண்டும் தப்பில்லை. நம் மொழியில் அந்த வார்த்தை இரண்டு வேலையும் பார்க்கிறது. வாக்கியத்தின் நடுவில் தனியாக வந்து நின்றால் ஒரு பொருள், வினையோடு ஒட்டிக்கொண்டால் வேறு பொருள். பேசும்போது யாரும் குழம்புவதில்லை. நான் மனப்பாடம் செய்தேன். தேர்வில் but என்று பார்த்ததும் மனதுக்குள் 'ஆனால்' ஓடும், 'ஆனால்' என்றதும் கை தானாக அம்பு போடும். முதல் வரியில் குறி தப்பினால் கீழே போடுகிற அட்டவணை முழுக்கத் தப்பு. மூன்று முறையும் அந்த யூனிட்டில் இப்படித்தான் கவிழ்ந்திருக்கிறேன்.

செலின் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது, அப்புறம் நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று வருடமாக நான் ஒரு முட்டாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு பென்சில் வரி.

"அடிப்பாவி, மூணு வாட்டி எழுதியிருக்கியே, ஒரு வாட்டியாவது யாரையாவது கேட்டிருக்கலாம்ல?"

"தமிழ்ல எழுதி வெச்சிருக்கேன்னு எப்படிடி காட்றது?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். அப்புறம் பேனாவை எடுத்தாள்.

"இங்க பாரு. கடை திறந்திருக்கு, லைட் எரியல. ரெண்டும் உண்மைதானே? அப்ப and-தான். அந்த but இருக்கே, அது உனக்கு வருத்தம். கணக்குக்கு உன் வருத்தம் வேண்டாம்."

வீட்டுக்குத் திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து அந்தப் பென்சில் வரியை ரப்பரால் அழித்தேன். பிறகு பேனாவில், பெரிய எழுத்தில், தமிழிலேயே எழுதினேன்: "but வந்தால் கூரை போடு." பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஓர் அம்மா, நான் வீட்டுக்கு ஷீட் போடப் போகிறேன் என்று நினைத்திருப்பார்.

மீசை

அடுத்தது அம்புக்குறி. அதன் அட்டவணையில் மொத்தம் நான்கு வரி. மேல் இரண்டு வரியும் எனக்குப் புரியும். கீழ் இரண்டும் புரியாது. அம்புக்கு முன்னால் இருக்கிற கூற்று பொய்யானால், பின்னால் இருப்பது மெய்யோ பொய்யோ, மொத்த வாக்கியம் மெய் என்று புத்தகம் சொல்கிறது. இது என்ன அநியாயம் என்று எனக்குப் புத்தகத்தின் மேலேயே சந்தேகம்.

செலின் கேட்டாள், "உங்க வீட்ல யாராவது சவால் விடுவாங்களா?"

கேட்க வேண்டுமா. எங்கள் மாரி சித்தப்பாவைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். படிக்காதவர்களுக்கு ஒரு வரி: அப்பாவின் தம்பி, நாற்பது தாண்டியும் கல்யாணமே வேண்டாம் என்று திரிந்தவர். ஒரு பொங்கலுக்கு அப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார்: "மாரி கல்யாணம் பண்ணிக்கினான்னா நான் மீசைய எடுத்துடறேன்." மூன்று மாதத்தில் சித்தப்பா ஒருத்தியை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு மாலையோடு வந்து நின்றார். மறுநாள் காலை அப்பா மீசை இல்லாமல் கடை திறந்தார். அன்றைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், "ஓனர் இல்லையாப்பா?" என்று அவரிடமே கேட்டார்.

அப்பா அப்படிப்பட்டவர். கொடுத்த வார்த்தையைத் தாண்டிப் போக மாட்டார். குழாய் ஒழுகாது என்று சொல்லி விற்ற குழாய் ஒழுகினால், முட்டி வலியோடு நடந்து போய் மாற்றிக் கொடுத்துவிட்டு வருவார். பொய் சொல்ல வேண்டிய இடம் வந்தால் பேசாமல் இருப்பார். அந்தப் பேசாமல் இருப்பதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

"சூப்பர்" என்றாள் செலின். நான்கு வரி போட்டாள். "சித்தப்பா கல்யாணம் பண்ணாரு, அப்பா மீசை எடுத்தாரு. சொன்னது மெய். கல்யாணம் பண்ணாரு, அப்பா எடுக்கல. அப்ப உங்கப்பா சொன்னது பொய். சரியா? இப்ப மூணாவது வரி. சித்தப்பா கல்யாணமே பண்ணல. ஆனா உங்கப்பா திருப்பதி போய் மொட்டை போட்டு மீசையும் எடுத்துட்டாரு. யாராவது அவரைப் பொய் சொன்னாருன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது. அவர் சாமிக்குப் போட்டாரு."

"நாலாவது. கல்யாணமும் இல்ல, மீசையும் எடுக்கல."

"அப்பவும் பொய் இல்ல."

"அவ்ளோதான். கல்யாணம் நடக்கலேன்னா என்ன பண்ணுவேன்னு அவர் சொல்லவே இல்ல. சொல்லாததுல பொய் ஏதுடி?"

அந்தக் கீழ் இரண்டு வரிகள் அன்றைக்கு மண்டையில் ஏறியவைதான், இன்னும் இறங்கவில்லை. அடுத்த ஆறு வாரம் கண்ணில் படுகிற எதையும் விடவில்லை. கடைக்கு வந்து "மோட்டார் ஓடுது, ஆனா தண்ணி ஏறல" என்று யாராவது சொன்னால் உடனே கூரை போடுவேன். பஸ்சில், தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில், பல் தேய்க்கும்போது, எல்லா நேரமும் அட்டவணை போட்டேன். ஒரு நாளைக்குப் பத்து என்று வைத்துக்கொண்டு, காய்ச்சல் வந்த நாளிலும் பத்து போட்டேன். அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "படுத்துக்கோடி" என்றாள். எட்டு முடிந்திருந்தது. மீதி இரண்டையும் படுத்துக்கொண்டே போட்டேன்.

எட்டு வரி

தேர்வு அறையில் என் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. ஹால் டிக்கெட்டின் நகலை நாலாக மடித்து அதன் அடியில் வைத்தேன். ஃபேன் தலைக்கு மேல் சத்தம் போட்டது, காற்று வரவில்லை.

முதல் யூனிட் கேள்வி தமிழில் சொன்னால் இப்படி இருந்தது: விளக்கு எரிகிறது, ஆனால் கதவு மூடியிருக்கிறது. விளக்கு எரிந்தால் உள்ளே ஆள் இருக்கிறார். ஆகவே கதவு மூடியிருக்கிறது, உள்ளே ஆளும் இருக்கிறார். இந்த முடிவு சரியா என்று மெய் அட்டவணையால் காட்டுக.

but. அங்கேயே நின்றிருந்தது. மனதுக்குள் 'ஆனால்' ஓடியது, கை அம்பு போடப் போனது. நிஜமாகவே போனது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் துப்பட்டாவில் துடைத்தேன். பிறகு எடுத்துக் கூரை போட்டேன்.

மூன்று கூற்று என்றால் எட்டு வரி. முதல் கட்டத்தில் நாலு மெய், நாலு பொய். அடுத்ததில் இரண்டிரண்டாக. மூன்றாவதில் மாற்றி மாற்றி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு வரியாக இறங்கினேன். கொடுத்த இரண்டு வாக்கியமும் மெய்யாக இருப்பது எட்டில் ஒரே வரியில்தான், முதல் வரியில். அங்கே முடிவும் மெய். ஆக, முடிவு சரி. அம்பு போட்டிருந்தால் சரியில்லை என்று எழுதியிருப்பேன். அதை ஓரத்தில் பென்சிலால் போட்டும் பார்த்தேன், என் திருப்திக்கு. அப்புறம் அழித்துவிட்டுப் பின்பக்கத்துக் கேள்விகளுக்குப் போனேன்.

பாஸ்

ரிசல்ட் வந்த அன்று மத்தியானம் கடையில் இருந்தேன். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். போனில் ரிசல்ட் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏழுமலை அண்ணன் பைப் திரும்புகிற இடத்தில் மாட்டும் எல்போக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஏழாவதோ எட்டாவதோ தடவை திறந்தது.

நான் போட்ட கூச்சலில் தெருநாய் எழுந்து ஓடியது.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். போனை வாங்கித் தூரமாகப் பிடித்து, கிட்டப் பிடித்து, பாஸ் என்ற எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. ஏழுமலை அண்ணனை டீக்கடைக்கு அனுப்பி மூன்று டீயும் மசால் வடையும் வாங்கி வரச் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார், "நாளைலேர்ந்து காலைல நீயே வந்து ஷட்டரைத் தொறந்துடும்மா. எனக்குக் குனிய முடில."

எனக்கு விளங்கவில்லை. "நான்தான் பாஸ் பண்ணிட்டேனேப்பா?"

"பண்ணிட்ட. ரொம்ப சந்தோசம்."

"பாஸ் பண்ணலைன்னாதானே கடைக்கு வரச் சொன்ன?"

"ஆமா. பாஸ் பண்ணா வர வேணாம்னு நான் எங்கம்மா சொன்னேன்?"

ஏழுமலை அண்ணன் வடையை வாயில் வைத்தபடி நின்றுவிட்டார்.

நான் பைப் அடுக்கியிருக்கும் பின்பக்கத்துக்குப் போய் அழுதேன். ஏமாற்றிவிட்டார் என்று அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டு அவர் சொன்ன வாக்கியத்தை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன், அவர் எங்கே பொய் சொன்னார் என்று பிடிக்க. பாஸ் பண்ணலைன்னா, கடைக்கு வரணும். பாஸ் பண்ணலைன்னா. அம்பு. கடைக்கு வரணும்.

பிடிபடவில்லை. அவர் பொய்யே சொல்லவில்லை. பாஸ் பண்ணினால் என்ன என்பதை அவர் சொல்லாமல் விட்டிருந்தார், நான்தான் அதை நானாகப் போட்டு நிரப்பிக்கொண்டு ஆறு வாரம் படித்திருக்கிறேன். எந்த இரண்டு வரியை மனப்பாடம் பண்ணிப் பாஸ் பண்ணினேனோ அதே இரண்டு வரி.

அழுகை நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த இரண்டு வரியைப் பற்றி இப்போது எனக்கு அவரைவிட அதிகம் தெரியும்.

பைப்பின் மேல்

பைப்பில் அளவு குறிக்கிற கறுப்பு மார்க்கரை எடுத்தேன். சாய்த்து வைத்திருந்த நாலு இன்ச் பைப்பை இழுத்துவந்து அப்பா முன்னால் தரையில் போட்டேன். அதன் மேலேயே கட்டம் போட்டேன்.

"பைப்ப ஏம்மா பேஜார் பண்ற? எவன் வாங்குவான் அத்த?"

"இருப்பா. நீ சொன்னதைத்தான் எழுதறேன்." எங்கள் வீட்டில் அப்பாவை நீ என்றுதான் கூப்பிடுவோம். சண்டையிலும் அதே நீதான். "முதல் வரி. நான் ஃபெயில், கடைக்கு வரேன். உன் வார்த்தை நிக்குது. ரெண்டாவது. ஃபெயில், நான் வரல. உன் வார்த்தை போச்சு. சரியா?"

"சரி."

"மூணாவது. நான் பாஸ், கடைக்கு வரேன். உன் வார்த்தை பொய்யா?"

"இல்ல. அத்தத்தான நானும் சொல்றேன்."

"நாலாவது. நான் பாஸ், கடைக்கு வரல. இப்ப உன் வார்த்தை பொய்யா?"

அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து அந்த நாலாவது வரியைப் பார்த்தார். ஏழுமலை அண்ணனும் வந்து குனிந்தார்.

"இன்னா ஏழுமல, இவ சொல்றது கரீட்டா?"

"அண்ணே, நான் அன்னைக்கு இங்கதான் நின்னுகினு இருந்தேன். பாஸ் பண்ணா இன்னாண்றத நீ சொல்லவே இல்லண்ணே. வந்தாலும் உன் பேச்சு கெடாது, வரலன்னாலும் கெடாது."

நான் எழுந்து நின்றேன். "பாஸ் பண்ணா வர வேணாம்னு நீ சொல்லலப்பா, வாஸ்தவம். வரணும்னும் சொல்லல. நீ சொல்லாத பாதியை நான் சொல்லிக்கறேன். நான் வேலைக்குப் போறேன்."

ஏழுமலை அண்ணன் எல்போவை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு, போனால் நல்லதா, நின்றால் நல்லதா என்று தெரியாமல் நின்றார்.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து முட்டியைத் தடவினார்.

"அன்னைக்கு ரெண்டையும் சேத்துத்தான் சொல்ல வந்தேன்" என்றார். "பாஸ் பண்லைன்னா கடைக்கு வா, பண்ணா உன் இஸ்டம்னு. ரெண்டாவது வாயில வரலம்மா. சொல்லிட்டா காப்பாத்தணுமே. நீ போய்ட்டா நான் இன்னா பண்ணுவேன்னு இருந்துச்சு. அதான் பாதியோட நிறுத்திக்கினேன்."

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஒருவர் தனக்குத் தெரிந்த ஒரே தந்திரத்தைச் செய்திருந்தார். அதையும் ஒத்துக்கொண்டுவிட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆனால் போகிறேன் என்று சொன்னதை நான் மாற்றிச் சொல்லவில்லை. அவரும் மாற்றச் சொல்லவில்லை.

வேலையில் சேர நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் ஏணி போட்டு ஏறி மேல் ரேக்கில் இருந்ததை எல்லாம் கீழே இறக்கினேன். அடிக்கடி கேட்கிறவை இடுப்பு உயரத்தில், எப்போதாவது கேட்கிறவை அதற்குக் கீழே. யாருமே கேட்காத நீல நிற டேங்க் மூடிகளை மட்டும் மேலே ஏற்றினேன். ஒவ்வொரு ரேக்கிலும் மார்க்கரால் பெயர் எழுதினேன். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் மட்டும், "அந்த டீய இன்னும் கொஞ்சம் கீழ வையி" என்றார்.

அந்தப் பைப்பை ஏழுமலை அண்ணனே எடுத்துக்கொண்டு போனார். இரும்புலியூரில் ஏதோ ஒரு வீட்டு மொட்டை மாடியிலிருந்து மழைத்தண்ணீர் இன்றைக்கும் என் நான்கு வரிகளுக்குள் புகுந்துதான் இறங்குகிறது. எந்த வீடு என்று கேட்டேன், சொல்லமாட்டேன் என்கிறார்.

முதல் நாள் சாயங்காலம்

சேர வேண்டிய நாள் காலை, தாம்பரம் போகிற ஷேர் ஆட்டோவுக்காகத் தெருமுனையில் நின்றேன். அங்கிருந்து மேடவாக்கம் வழியாக சோழிங்கநல்லூருக்குப் பஸ். அப்பா தானே குனிந்து ஷட்டரைத் தூக்கினார். உதவப் போனேன், கையை அசைத்து வேண்டாம் என்றார். ஆட்டோ வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகு கடை வாசலிலிருந்தே கத்தினார்.

"சாயங்காலம் வர லேட்டாச்சின்னா போன் பண்ணு!"

ஆட்டோவில் எட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவர் சொன்னதை வாங்கி, பழக்க தோஷத்தில், கட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். லேட்டானால் போன் பண்ண வேண்டும். லேட்டாகாவிட்டால் என்ன என்று வழக்கம்போலச் சொல்லவில்லை.

அன்றைக்கு வேலை சொன்ன நேரத்துக்கு முடிந்தது. பஸ்சும் உடனே கிடைத்தது. மேடவாக்கம் சிக்னலில் பஸ் நின்றபோது போனை எடுத்தேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். "இன்னாம்மா, லேட்டா?"

"இல்லப்பா. நேரத்துக்கு வந்துடுவேன்."

"அப்புறம் இன்னாத்துக்குப் போன் பண்ண?"

"சும்மாதாம்ப்பா" என்றேன்.